ஹார்பின் பனிக்கட்டித் திருவிழாவுக்கு எப்போது போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் வடகிழக்கில், ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைநகரான ஹார்பினில் ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கட்டித் திருவிழா நடக்கிறது. போக நினைப்பவர்கள் என்னிடம் ஹோட்டல், உடை, ரயில் என்று எதில் பேச்சை ஆரம்பித்தாலும் கடைசியில் தேதியில்தான் வந்து நிற்பார்கள். அது நியாயமும்கூட. அங்கே பத்து நாள் முன்னே பின்னே ஆனால் பார்க்கிற காட்சி மாறும், கூட்டம் மாறும், செலவும் மாறும். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

திருவிழா எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியுது? ஆளாளுக்கு ஒரு தேதி சொல்றாங்களே.

அதிகாரபூர்வத் தொடக்க விழா ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 5. 1985-இல் தொடங்கிய வழக்கம் இது. ஆனால் நாம் படங்களில் பார்க்கிற ஒளிரும் பனிக்கட்டிக் கோட்டைகளும் கோபுரங்களும் இருப்பது ஐஸ்-ஸ்னோ வேர்ல்ட் என்ற பெரிய பூங்காவில். சோங்ஹுவா ஆற்றின் வடகரையில் இருக்கும் இந்தப் பூங்கா 1999 குளிர்காலத்தில் ஆரம்பமானது. இது ஜனவரி 5 வரை காத்திருப்பதில்லை. 2023-இல் டிசம்பர் 18 அன்றும் 2024-இல் டிசம்பர் 21 அன்றும் திறந்துவிட்டார்கள். அதனால்தான் ஒருவர் டிசம்பர் என்கிறார், இன்னொருவர் ஜனவரி என்கிறார். இருவர் சொல்வதும் சரி.

முடிகிற தேதியை வானிலைதான் முடிவு செய்யும். 2024-இல் பிப்ரவரி நடுவிலேயே மூடினார்கள். 2025-இல் பிப்ரவரி 26 வரை போனது. ஆகவே டிசம்பர் 25 முதல் பிப்ரவரி 10 வரை கவலையில்லாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் போவதென்றால் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

சுத்தி வளைக்காம ஒரே ஒரு வாரம் சொல்லுங்க. எந்த வாரம்?

ஜனவரி இரண்டாவது வாரம், அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை.

காரணம் இதுதான். ஆங்கிலப் புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் கிளம்பிப் போயிருக்கும். தொடக்க விழாவுக்கு வந்தவர்களும் போயிருப்பார்கள். சீனாவின் பெரும்பாலான இடங்களில் பள்ளிக் குளிர்கால விடுமுறை இன்னும் தொடங்கியிருக்காது. சிற்பங்கள் எல்லாம் முடிந்து, போட்டிக்காகச் செதுக்கியவையும் சேர்ந்து, முனை மழுங்காமல் நிற்கும். குளிர் கடுமையாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அந்தக் குளிர்தான் ஐஸைக் கண்ணாடி போல வைத்திருக்கிறது.

ஜனவரி 5 அன்னிக்கே போனாத்தான் விசேஷமா?

தொடக்க விழாவும் வாணவேடிக்கையும் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் போங்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் அன்று விடுமுறை என்பதால் ஊரே வெளியே வந்திருக்கும். மறுநாள் ஜனவரி 6 வாக்கில் கூட்டுத் திருமணமும் நடப்பது வழக்கம். அந்தக் கடுங்குளிரில் வெள்ளை கவுனில் மணப்பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள்.

சிற்பங்களை நிதானமாகப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்த நாளில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. அதே சிற்பங்கள் 8-ஆம் தேதியும் அங்கேதான் நிற்கும். ஹோட்டல் வாடகையும் அதற்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

எனக்கு டிசம்பர் கடைசி வாரம்தான் லீவு. அப்போ போனா பாதிதான் கட்டி வச்சிருப்பாங்களாமே?

முன்பு அந்தப் பயத்தில் உண்மை இருந்தது. ஆற்றில் ஐஸ் போதிய கனத்துக்கு உறைந்த பிறகுதான் வெட்ட முடியும், அது டிசம்பர் முதல் பாதியில்தான் நடக்கும். வெட்டி, ஏற்றி வந்து, அடுக்கி, செதுக்க இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும். இப்போது முந்தைய குளிர்காலத்து ஐஸைக் கனத்த போர்வைகளால் மூடி, கோடை முழுக்கக் காப்பாற்றி வைத்து, அதை வைத்து முன்கூட்டியே கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். டிசம்பர் 25 வாக்கில் பெரிய கட்டடங்கள் எல்லாம் தயாராக இருக்கும், விளக்கும் எரியும்.

அப்போது இருக்காதவை போட்டிச் சிற்பங்கள். பல நாடுகளிலிருந்து சிற்பிகள் வந்து செதுக்கும் போட்டிகள் பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்தில்தான் முடியும். என்னைக் கேட்டால் நுணுக்கமான வேலைப்பாடு இருப்பது அவற்றில்தான்.

டிசம்பர் 25-28 நல்ல தேர்வு. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை வேண்டாம். 2024 புத்தாண்டின் மூன்று நாள் விடுமுறையில் மட்டும் இந்த ஊருக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். நகரில் வசிப்பவர்களே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் நெரிசல் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

எந்த மாசம் குளிர் கம்மி? உண்மையிலேயே தாங்க முடியுமா?

ஜனவரியில் பகலில் மைனஸ் 12 டிகிரி, இரவில் மைனஸ் 24 டிகிரி வாக்கில் இருக்கும். குளிர் அலை வந்தால் மைனஸ் 30-ஐத் தொடும். டிசம்பர் கொஞ்சம் பரவாயில்லை. பிப்ரவரியில் பகல் மைனஸ் 6 வாக்கில் வந்துவிடும், ஆனால் இரவு மைனஸ் 18, 19 என்றுதான் நிற்கும். நீங்கள் வெளியே நிற்கப்போவது மாலையிலும் இரவிலும்தான். ஆகவே மாதத்தை மாற்றிக் குளிரிலிருந்து தப்பலாம் என்று கணக்குப் போட வேண்டாம். குளிர்கால அயனம், அதாவது டிசம்பர் 21, 22 வாக்கில் வரும் ஆண்டின் மிகக் குறுகிய பகல், தொடங்கி நாட்களை ஒன்பது ஒன்பதாக எண்ணுவது சீன வழக்கம். ஜனவரி இரண்டாவது வாரத்தில் தொடங்கும் மூன்றாவது ஒன்பதுதான் மிகக் கடுமையானது என்பார்கள்.

தாங்க முடியுமா என்றால், முடியும். காற்று வறண்டிருப்பதால் சரியாக உடுத்தினால் உடம்பு தாங்கும். முதலில் விட்டுக்கொடுப்பது பாதம்தான். ஒரு அளவு பெரிய, அடி கனத்த பூட்ஸ் வாங்குங்கள். இரண்டு காலுறை போட்ட பிறகும் விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். இறுக்கமான ஷூவுக்குள் ரத்த ஓட்டம் குறைந்தால் எவ்வளவு கம்பளி போட்டாலும் பயனில்லை. கட்டடங்களுக்குள் கவலையே இல்லை. அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை ஊர் முழுக்க மத்திய வெப்பமூட்டல் ஓடும். உள்ளே போனதும் கோட்டைக் கழற்றத்தான் தோன்றும். அதனால் ஒரே கனத்த உடுப்பாக இல்லாமல், கழற்றி மாட்ட வசதியாக மூன்று அடுக்காகப் போடுங்கள்.

இன்னொன்று, கைப்பேசி. இந்தக் குளிரில் பேட்டரி 40 சதவீதத்தில் இருக்கும்போதே திடீரென்று அணைந்துபோகும். சீனாவில் பணம் கொடுப்பது, டிக்கெட் காட்டுவது, டாக்சி கூப்பிடுவது எல்லாம் கைப்பேசியில்தான். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டை ஒட்டி வையுங்கள்.

பிப்ரவரி கடைசியில போனா எல்லாம் உருகிப் போயிருக்குமா?

முழுதாக உருகியிருக்காது, ஆனால் தேய்ந்திருக்கும். பிப்ரவரியில் வெயில் ஏறத் தொடங்குகிறது. காற்று மைனஸ் 8-இல் இருந்தாலும் நேர் வெயில் விழுகிற தெற்குப் பக்கச் சுவர் பகலில் கசியும், இரவில் மறுபடி உறையும். இப்படிப் பத்து நாள் நடந்தால் என்ன ஆகும்? கூரான விளிம்புகள் உருண்டுவிடும். செதுக்கிய முகங்களில் மூக்கும் இமையும் முதலில் மங்கும். தெளிவாக இருந்த ஐஸ் உள்ளுக்குள் விரிசல் விட்டு வெள்ளையாகிவிடும். அதே சிற்பத்தின் வடக்குப் பக்கம் போய் நின்று பார்த்தால் உளி பட்ட கோடு இன்னும் அப்படியே இருக்கும்.

இரவில் விளக்கு போட்டதும் இந்தக் குறை பாதி மறைந்துவிடும் என்பதும் உண்மை. பெரிய கோபுரங்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, நுணுக்கமானவைதான் அடிபடும். பனிச்சிற்பங்கள், அதாவது ஐஸ் இல்லாமல் வெள்ளைப் பனியில் செய்தவை, இன்னும் சீக்கிரம் அழுக்கேறிக் குழிவிழும். அதனால் பிப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு சூரியத் தீவின் பனிச்சிற்பப் பூங்காவுக்காக மட்டும் ஒரு நாள் ஒதுக்க வேண்டாம்.

சீனப் புத்தாண்டுக்குப் போனா அலங்காரம் இன்னும் நல்லா இருக்குமே?

தேதி முடிவு செய்வதில் மிக முக்கியமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திருவிழாத் தேதி நிலையானது. சீனப் புத்தாண்டு அப்படியல்ல. அது சந்திர நாட்காட்டிப்படி ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே ஆண்டுக்கு ஆண்டு நகரும். அது எங்கே விழுகிறதோ அங்கேதான் கூட்டமும் விலையும் உச்சம். புத்தாண்டை ஒட்டி ஏறத்தாழ ஒரு வாரம் பொது விடுமுறை. அதற்கு 15 நாள் முன்பிருந்து 25 நாள் பின்பு வரை, மொத்தம் 40 நாள், நாடே ஊருக்குப் போய்த் திரும்புகிற பயணக் காலம். ரயிலிலும் விமானத்திலும் இடம் கிடைப்பது பெரும்பாடு.

2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. அந்த ஆண்டு ஜனவரி 6 முதல் 20 வரை உங்களுக்கு நல்ல காலம். ஜனவரி 22-க்குப் பிறகு நெரிசல் ஏற ஆரம்பிக்கும். 2028-இல் அது ஜனவரி 26 அன்றே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு ஜனவரியில் நல்ல காலம் சுருங்கி 6 முதல் 12 வரை என்று ஆகும். பதிலாக, விடுமுறை முடிந்து பிப்ரவரி 7 முதல் 15 வரை இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். ஊர் காலியாகும், ஐஸும் பெரிய அளவில் தேய்ந்திருக்காது. எந்த ஆண்டானாலும் முதலில் சீனப் புத்தாண்டுத் தேதியைப் பாருங்கள், மற்றதை அதன்பின் யோசியுங்கள்.

சிவப்பு விளக்குகளும் கொண்டாட்டமும் வேண்டும் என்றால் புத்தாண்டுக்கு நான்கைந்து நாள் முன்பே அங்கே போய் இறங்கிவிடுங்கள். விடுமுறைக்கு நடுவில் வந்து சேர்வதைவிட அது எவ்வளவோ மேல். குடும்பக் கடைகள் சில அந்த நாட்களில் பூட்டியிருக்கும்.

பகல்ல பார்க்கணுமா, ராத்திரியா?

இரண்டும், ஒரே டிக்கெட்டில். பிற்பகல் இரண்டரை மணிக்கு ஐஸ்-ஸ்னோ வேர்ல்டுக்குள் நுழைந்துவிடுங்கள். ஹார்பின் இருப்பது நாட்டின் கிழக்கு ஓரம், ஆனால் சீனா முழுக்க ஒரே கடிகாரம். அதனால் டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜனவரி நடுவில் 4 மணியைக் கொஞ்சம் தாண்டும், பிப்ரவரி நடுவில் 5 மணி வாக்கில் ஆகும்.

வெளிச்சம் இருக்கும்போது சுவர்களின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆற்று ஐஸுக்குள் சிறு காற்றுக் குமிழிகள் உறைந்த நிலையில் வரிசையாக நிற்கும். இரண்டு பாளங்கள் சேரும் இடத்தில் சிமெண்ட் எதுவும் இல்லை. தண்ணீரை ஊற்றினால் அதுவே உறைந்து ஒட்டிக்கொள்ளும். நடுவே எல்.இ.டி. விளக்குகளைப் புதைத்திருப்பதும் தெரியும். பிறகு மெல்ல இருட்டும்போது அந்தச் சுவரே உள்ளிருந்து ஒளிர ஆரம்பிக்கும். வானம் கருநீலமாக இருக்கிற அந்த அரை மணி நேரத்தில் எடுக்கும் படங்கள்தான் நன்றாக வரும். முழு இருட்டுக்குப் பிறகு போகிறவர்களுக்கு இந்த மாற்றம் கிடைக்காது.

வாரநாள்ல போனாக்கூட கூட்டம் இருக்குமா? சறுக்குமரத்துக்கு ரொம்ப நேரம் நிக்கணுமாமே?

இருக்கும், ஆனால் வாரக்கடைசியோடு ஒப்பிடவே முடியாது. அந்தப் பெரிய ஐஸ் சறுக்குப் பாதையின் நீளம் 521 மீட்டர். வந்தவர் எல்லாரும் அதில்தான் ஏற நினைப்பார்கள். 2023 டிசம்பர் 18, திறந்த முதல் நாளே கூட்டம் குவிந்து, நெடுநேரம் காத்திருந்தவர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த குளிர்காலத்தில் சறுக்குப் பாதைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இப்போது கைப்பேசியில் முன்பதிவு முறை இருக்கிறது. டிக்கெட் வாங்கிய கையோடு அதையும் பாருங்கள்.

திறக்கும் நாளையும் சனி, ஞாயிறையும் தவிர்த்தாலே பெரும்பகுதி தீர்ந்தது. குழந்தைகளோடு மைனஸ் 20-இல் இரண்டு மணி நேர வரிசை என்றால் சறுக்கை விட்டுவிடுவதே நல்லது.

பனி கொட்டுறதையும் பார்க்கணும். எப்போ வந்தா கொட்டும்?

நிறைய பேருக்கு ஏமாற்றம் தருவது இதுதான். ஹார்பினின் ஜனவரி குளிரானது, ஆனால் வறண்டது. பனிப்பொழிவு குறைவு, பெரும்பாலான நாள் வானம் தெளிவாகவே இருக்கும். பெரிய பனிச்சிற்பங்களுக்கே இயந்திரத்தில் பனி தயாரிக்கிறார்கள். விழுந்த பனி உருகாமல் கிடப்பதால் கூரைகள் வெள்ளையாக இருக்கும், ஆனால் பொழிவதைப் பார்ப்பது அதிர்ஷ்டம்தான். அடர்ந்த பனிதான் ஆசை என்றால், மலைப்பகுதியில் இருக்கும் பனிக் கிராமத்துக்கோ யாபுலி சறுக்கு மையத்துக்கோ இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஆத்துல ஐஸ் வெட்டுறதைப் பார்க்க முடியுமா?

முடியும், டிசம்பர் முதல் பாதியில். சீன நாட்காட்டியில் ‘பெரும்பனி’ என்ற பருவநாள் டிசம்பர் 7 வாக்கில் வரும். அதை ஒட்டித்தான் ஐஸ் வெட்டும் சடங்கு. முதல் பாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டி, ஆட்கள் சேர்ந்து கயிறு போட்டு இழுத்துக் கரையேற்றுவார்கள். வெட்டு நாட்கள் முழுக்க இயந்திர ரம்பம் ஒரு பக்கம், கடப்பாரையால் பாளத்தைப் பிளந்து விடுபவர்கள் ஒரு பக்கம் என்று வேலை நடக்கும். இந்த உழைப்பை ஒருமுறை பார்த்துவிட்டால் கோட்டையைப் பார்க்கிற கண்ணே மாறிவிடும். ஆனால் அப்போது ஐஸ்-ஸ்னோ வேர்ல்ட் திறந்திருக்காது. இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது கடினம்.

எத்தனை நாள் போதும்?

முழுதாக மூன்று நாள். ஒரு பிற்பகலும் இரவும் ஐஸ்-ஸ்னோ வேர்ல்டுக்கு. ஒரு பகல் சூரியத் தீவுக்கு, பனிச்சிற்பத்துக்குப் பகல் வெளிச்சம்தான் ஏற்றது. மிச்ச நாளில் சென்ட்ரல் தெரு, புனித சோபியா தேவாலயம், உறைந்த ஆறு, சாவோலின் பூங்கா. இந்தப் பூங்காவில்தான் 1963-இல் ஐஸ் விளக்குக் காட்சி தொடங்கியது. வாளித் தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையும். நடுவில் உறையாத தண்ணீரைக் கொட்டிவிட்டு அந்தக் குழிக்குள் விளக்கு வைப்பார்கள். இன்றைய கோட்டைகளுக்கெல்லாம் ஆரம்பம் அதுதான்.

நான்காவது நாள் ஒன்று கையிருப்பாக இருந்தால் நல்லது. கடுங்காற்று அடிக்கிற மாலையை ஹோட்டலிலேயே கழித்துவிட்டு மறுநாள் போகலாம்.

வயசான அப்பா அம்மாவையும் சின்னக் குழந்தையையும் கூட்டிட்டுப் போறோம். எங்களுக்கும் அதே ஜனவரி இரண்டாவது வாரம்தானா?

இல்லை. உங்களுக்கு டிசம்பர் 25-28, அல்லது சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்த பிறகு வரும் பிப்ரவரி முதல் பாதி. மேலே சொன்ன மாதிரி இரவுக் குளிர் பெரிதாகக் குறையாது, ஆனால் பகலில் நடமாட அந்தச் சில டிகிரி உதவும். பிப்ரவரியில் பகலும் நீளம். ஐஸ்-ஸ்னோ வேர்ல்டுக்குள் சூடாக்கிய அறைகள் இருக்கின்றன. அரை மணிக்கு ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தேதி குறிக்க வேண்டாம். குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும்.

டிக்கெட்டெல்லாம் எவ்வளவு முன்னாடி எடுக்கணும்?

ஹோட்டலும் விமானமும் இரண்டு மூன்று மாதம் முன்பே. பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். ரயில் டிக்கெட் விற்பனை பயணத்துக்கு 15 நாள் முன்புதான் திறக்கும், அந்த நாளிலேயே எடுத்துவிடுங்கள். ஐஸ்-ஸ்னோ வேர்ல்டு டிக்கெட் 2024-25 பருவத்தில் 328 யுவான். பாஸ்போர்ட் எண்ணோடு இணையத்தில் எடுக்க வேண்டும். மெட்ரோ 2-ஆம் வழித்தடத்தில் அதன் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. இரவு வெளியே வரும்போது டாக்சிக்குக் காத்து நிற்பதைவிட மெட்ரோ மேல், ஆனால் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்பினா, ஜப்பானின் சப்போரோவா என்று குழப்பம். தேதி வச்சு சொல்லுங்களேன்.

சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரி முதல் பாதியில் ஒரு வாரம் போல நடக்கும், பெரும்பாலும் பனிச்சிற்பங்கள். அந்த வாரம் உங்களுக்கு அமையாவிட்டால் அத்தோடு போயிற்று. ஹார்பினில் இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. குளிர் சப்போரோவில் எவ்வளவோ குறைவு, பனிப்பொழிவு அதிகம். ஒளிரும் ஐஸ் கட்டடங்கள் வேண்டும் என்றால் ஹார்பின்தான்.

பிப்ரவரி 24-க்கு டிக்கெட் எடுத்துட்டேன், மாத்த முடியாது. ரத்து பண்ணிடவா?

உடனே ரத்து செய்ய வேண்டாம். முதல் பதிலில் சொன்னபடி 2025-இல் அந்தத் தேதியில் பூங்கா திறந்திருந்தது. பிப்ரவரி பத்து தேதிக்குப் பிறகு மூடும் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இறங்கியவுடன், முதல் மாலையே, ஐஸ்-ஸ்னோ வேர்ல்டுக்குப் போய்விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் அதற்குள் மூடிவிட வாய்ப்பு உண்டு.

மூடியே விட்டாலும், அதே வளாகத்தில் 2024 கோடையில் திறந்த உள்ளரங்கு ஐஸ் கூடம் ஆண்டு முழுக்க இயங்குவது. வெளியே இருக்கும் பிரம்மாண்டம் அதில் இல்லை, ஆனால் செதுக்கல் வேலையைப் பக்கத்தில் பார்க்கலாம். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் ஆற்று ஐஸின் மேல் உங்கள் விருப்பத்துக்கு இறங்கி நடக்காதீர்கள். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் வெட்டியெடுத்த இடங்களிலும் கரையோரத்திலும் மெல்லியதாக இருக்கும். தடுப்பு போட்டிருந்தால் அதைத் தாண்டவே கூடாது.